கையேடு கையில் இருக்கணும்

2018 மே 23, புதன்கிழமை. தூத்துக்குடியில் முந்தின நாள் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டின் அதிர்ச்சி யாருக்கும் அடங்கவில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் தேதிவரை இணையத்தை நிறுத்திவைக்க அரசு உத்தரவு போட்டது. குழித்துறையில் கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றியது, ஆறு ஓடியது. நெட் மட்டும் இல்லை.

அன்றைக்கு என் மடியில் ஒரு லேப்டாப். அதற்குள், மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கும் ஒரு கடைக்காக நான் எழுதிக்கொண்டிருந்த பில்லிங் சாஃப்ட்வேர். பிஎச்பியில் எழுதியது. அதில் ஒரு கோளாறு. ஜூன் 5ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டிய பில் ஒன்று, தவணை தாண்டிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. ஜூன் 5 வர இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறது, எப்படித் தாண்டும்? கடைக்காரருக்கு மறுநாள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

வழக்கமான நாளாக இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. கூகுளில் கேட்டால் முதல் பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும். நெட் இல்லாத நாளில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆறேழு வருடமாக இந்த மொழியில் சோறு சாப்பிடுகிறேன், இந்த மொழியின் கையேடு என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

இடைத்தெருப் பக்கம் டிடிபி கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் ஞாபகம் வந்தார். பழைய ஆள். எதையும் அழிக்க மாட்டார். போய் நின்றேன்.

“எல்லாம் இந்தப் பெட்டியில கெடக்கு மக்ளே. ஆனா தொறந்தா வெள்ளையாட்டுதான் தெரியும்” என்றார்.

உண்மைதான். டவுன்லோட்ஸ் போல்டரில் பிஎச்பி கையேடு சிஎச்எம் கோப்பாக இருந்தது. திறந்தால் இடதுபக்கம் பொருளடக்கம் அழகாக விரிகிறது, வலதுபக்கம் காலி. அண்ணன் அதைக் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து வருடக்கணக்காகத் தொடாமல் விட்டிருக்கிறார். கெடவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய சிஎச்எம் கோப்பை விண்டோஸ் சந்தேகத்தோடு பார்க்கும், உள்ளே இருப்பதைக் காட்டாது. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அடியில் ‘அன்பிளாக்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்து ஓகே கொடுத்ததும் வெள்ளைப் பக்கம் முழுக்க எழுத்து நிறைந்தது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தேதியைப் படிக்கும் ஃபங்ஷனின் பக்கத்துக்குப் போனோம். அடியில் குறிப்பு. தேதியை எண்களால் எழுதி நடுவில் சாய்கோடு போட்டால் அமெரிக்க வழக்கப்படி முதலில் மாதம் என்று எடுத்துக்கொள்ளும். சிறுகோடோ புள்ளியோ போட்டால் ஐரோப்பிய வழக்கப்படி முதலில் நாள் என்று எடுத்துக்கொள்ளும். நான் 05/06/2018 என்று கொடுத்திருந்தேன். அது மே 6 என்று படித்துவிட்டது. சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றினேன். சிவப்பு போய்விட்டது.

ஒரு கோடுதான். அந்தக் கோட்டைத் தேடித்தான் இடைத்தெரு வரைக்கும் நடந்திருக்கிறேன். இத்தனைக்கும் அந்தக் கையேடு இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இறக்கி வைக்காதது என் சோம்பல்.

இரண்டு மழை, ஒரு ரயில்

இணையத்தை நிறுத்த அரசு உத்தரவு வருவது எப்போதோ ஒருமுறை. எங்கள் பக்கத்தில் அதற்கு உத்தரவே தேவையில்லை. இடவப்பாதி, துலாமழை என்று வருடத்துக்கு இரண்டு மழை. ரோட்டோரம் முழுக்கத் தென்னை, ரப்பர், பலா, அயனி. காற்று கொஞ்சம் கடுத்தால் ஏதோ ஒரு கிளை ஏதோ ஒரு கேபிளில் விழும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. குமரி மாவட்டத்தின் பெரும்பகுதி நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. டவர்கள் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக அணைந்தன. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் தெரியாமல் கரையோர ஊர்கள் துடித்த நாட்கள் அவை. அந்தத் துயரத்துக்கு முன்னால் ஒருவனுக்கு ப்ரோக்ராம் ஓடாதது ஒரு விஷயமே இல்லை. ஆனால் வாரக்கணக்கில் நெட் தள்ளாடியபோது, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் பட்ட பாட்டையும் மறைக்க வேண்டியதில்லை.

மழை பெய்யாத நாளிலும் கதை உண்டு. குழித்துறை ஸ்டேஷனில் காலையில் ஏறி, திருவனந்தபுரம் தாண்டி கழக்கூட்டத்தில் இறங்கி டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே நிறைய. ரயிலில் லேப்டாப்பைத் திறந்தால் சிக்னல் வரும், போகும், மறுபடி வரும். ஒரு பக்கம் பாதி திறந்து நிற்கும்போது அடுத்த ஸ்டேஷன் வந்திருக்கும்.

இதைவிடக் கடுமையான இடங்களும் இருக்கின்றன. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டித்த அதிவேக இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். இடையில், நெட் கிடைக்கிற பனிஹாலுக்குப் போய் விண்ணப்பம் நிரப்பவும் மெயில் பார்க்கவும் ஆட்கள் ஏறிய ரயிலுக்கு ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் விழுந்தது. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. நிறுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. கியூபாவில் வேறு மாதிரி: சினிமா, சீரியல், ஆப், பத்திரிகை என்று சுமார் ஒரு டெராபைட் அளவுக்கு வாராவாரம் ஹார்டிஸ்கில் கைமாறிக்கொண்டே இருக்கும். ‘வாரப் பொட்டலம்’ என்று அதற்கு அங்கே பெயர்.

படியெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. முஞ்சிறை, மார்த்தாண்டம் வட்டாரத்து வர்ம ஆசான் வீடுகளில் ஏட்டுக்கட்டு வைத்திருப்பார்கள். அடி பட்டு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஆசான் ஏட்டைத் தேடி வேறு ஊருக்குப் போக முடியாது. அது வீட்டுப் பரணில் இருக்க வேண்டும். குருவின் ஏட்டைப் பார்த்துச் சீடன் தனக்கொரு படி எழுதிக்கொள்வான். கையில் இருக்கிற ஏடு, கையேடு. அந்தச் சொல்லை எடுத்து மென்பொருளுக்கு வைத்தோம், பொருளை மட்டும் வழியில் விட்டுவிட்டோம்.

எஃப் ஒன் அடித்த காலம்

மென்பொருளோடு கையேடும் சேர்ந்தே வர வேண்டும் என்பது ஒருகாலத்தில் விவாதத்துக்கே இடமில்லாத விஷயம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம்: பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புள்ளவை. கூடவே ‘பிழைகள்’ என்றே ஒரு தலைப்பு. செய்தவர்களே தங்கள் பொருளில் என்ன ஓட்டை இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்கு எந்த விளம்பரப் பக்கத்தில் அப்படி ஒரு தலைப்பைப் பார்க்க முடிகிறது? அந்தக் கையேட்டின் வாரிசுதான் இன்று லினக்ஸில் ‘மேன்’ என்று அடித்தால் வரும் பக்கங்கள். நெட் வேண்டாம், மௌஸ் வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கம்ப்யூட்டர் சென்டர்களில் விஷுவல் பேசிக் படித்தவர்களுக்கு இன்னொரு காட்சி மறக்காது. எஃப் ஒன் பட்டனை அடித்தால் உதவி வரும் என்று மாஸ்டர் சொல்வார். அடிப்போம். எம்எஸ்டிஎன் தொகுப்பு இல்லை, மறுபடி நிறுவவும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஏனென்றால் சென்டரில் விஷுவல் ஸ்டூடியோ சிடியை மட்டும் போட்டிருப்பார்கள். கையேடு தனி சிடிகளில் இருந்தது; இடம் அடைக்கிறது என்று அதை ஏற்றவில்லை. ஒரு வருடம் அந்தப் பெட்டியை மூடி மூடியே படித்தோம். பிறகு யாரோ ஒருவர் சென்னையிலிருந்து அந்த சிடிகளைக் கொண்டுவந்தார். அன்று மாலை சென்டரே அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது. ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஒவ்வொன்றிலும் உதாரணம். மாஸ்டருக்குத் தெரியாததெல்லாம் அதில் இருந்தது. மாஸ்டருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டயல்-அப் காலத்தில் சிடிதான் இணையம். ‘பிசி குவெஸ்ட்’ இதழ் 1996இலேயே லினக்ஸை சிடியில் கொடுத்தது. 2003இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃபார் யூ’ இதழும் சிடியோடு வந்தது. பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டுக்குள் ஒரு இயங்குதளமே மடங்கி வரும். 2005இல் வெளிவந்த டெபியன் லினக்ஸ் 3.1 பதினான்கு சிடி. முழுத்தொகுதி வைத்திருந்தவருக்கு நெட் கனெக்‌ஷன் தேவைப்படவே இல்லை, நிரல்களும் அவற்றின் கையேடுகளும் அந்தப் பதினான்குக்குள்ளேயே இருந்தன.

பிராட்பேண்ட் வந்தது. ஜியோ வந்தது. கையேடு பெட்டியிலிருந்து இறங்கி இணையத்துக்குக் குடிபோனது. திருத்தம் செய்தால் உடனே எல்லோருக்கும் போய்ச் சேரும் என்றார்கள், அது நியாயம். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. கையேடு நம் சொத்தாக இருந்த நிலை போய், நெட் இருக்கும்வரை எட்டிப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. இன்று சர்வர்களில் ஓடும் சுருக்கமான உபுண்டு இமேஜ்களில் மேன் பக்கங்களையே உருவி எடுத்துவிட்டுத் தருகிறார்கள். இடம் மிச்சமாம். திரும்ப வேண்டுமென்றால் ‘அன்மினிமைஸ்’ என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். அதற்கும் நெட் வேண்டும்!

முழுசாக என்றால் எவ்வளவு?

சரி, இறக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் தடுமாற்றம் இங்கேதான். பிரவுசரில் ‘சேவ் பேஜ்’ கொடுத்துவிட்டு முழுக் கையேடும் வந்துவிட்டது என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு பக்கம். அதிலுள்ள எந்த இணைப்பைத் தொட்டாலும் மறுபடி நெட்டைத்தான் தேடும்.

செய்ய வேண்டிய முதல் காரியம், செய்தவர்களே முழுத்தொகுப்பைக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது. பெரும்பாலும் கொடுக்கிறார்கள், நாம்தான் அந்த மூலைக்குப் போவதில்லை. பைத்தான் ஆவணத் தளத்தில் ‘டவுன்லோட்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. எச்டிஎம்எல், வெறும் எழுத்து, ஈபப் என்று வேண்டிய வடிவில் எடுத்துக்கொள்ளலாம். எச்டிஎம்எல் தொகுப்பு ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட வராது. விரித்து, இன்டெக்ஸ் கோப்பைத் திறந்தால் இணையத்தில் பார்ப்பது அப்படியே வரும், தேடல் பெட்டியும் வேலை செய்யும். பிஎச்பி கையேடு எச்டிஎம்எல்லாகவும் சிஎச்எம்மாகவும் கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிடிஎஃப் மூவாயிரம் பக்கத்தை ஒட்டி வரும்; அச்செடுக்க ஆசைப்பட வேண்டாம். ரஸ்ட் மொழியை வழக்கமான முறையில் நிறுவினால் கையேடு கேட்காமலே கூட வந்துவிடும். ‘ரஸ்ட்அப் டாக்’ என்று அடித்தால் திறக்கும். விண்டோஸில் கிட் நிறுவியவர்களின் கம்ப்யூட்டரில் அதன் முழு உதவிப் பக்கங்களும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பத்து வருடமாக அது இருப்பது தெரியாமலே வேலை செய்கிறவர்கள் உண்டு.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நிரலின் பெயரோடு ‘டாக்’ என்று முடியும் தனித் தொகுப்புகள் இருக்கும். நெட் இருக்கும் நாளில் நிறுவிவிட்டால் போதும். இதில் ஒரு வேடிக்கை. ஜிசிசி கம்பைலரின் கையேட்டைத் தேடினால் டெபியனில் வழக்கமான இடத்தில் கிடைக்காது. அந்தக் கையேட்டின் உரிமத்தில், சில பகுதிகளைத் திருத்தக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அப்படிப்பட்டது கட்டற்றது ஆகாது என்று 2006இல் டெபியன்காரர்கள் ஓட்டுப் போட்டு, ‘நான்-ஃப்ரீ’ என்ற ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கட்டற்ற மென்பொருளுக்கே கொடி பிடிக்கும், ஜிசிசியை வெளியிடும் அமைப்பின் கையேடு, கட்டற்றது இல்லை என்று ஒதுங்கிக் கிடக்கிறது. கொள்கை சரியாகவே இருக்கட்டும். அவசரத்துக்குத் தேடும் மாணவனுக்கு அது தெரியுமா? அந்த ஒதுக்குப்புறத்தையும் திறந்துவிட்டுத் தேடுங்கள்.

வெப் வேலை செய்கிறவர்களின் பைபிள் எம்டிஎன். அதன் பக்கங்கள் 2020 டிசம்பர் முதல் கிட்ஹப்பில் இருக்கின்றன, மொத்தத்தையும் நகலெடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரமம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ‘ஸீல்’ என்ற சின்ன நிரல் உண்டு, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதற்குள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சிஎஸ்எஸ், ஜாங்கோ, ஜாவா, சி++ என்று வேண்டியதைத் தொட்டால் இறங்கிக்கொள்ளும், பிறகு நெட் கேட்காது. ‘டெவ்டாக்ஸ்’ தளம் இதையே பிரவுசருக்குள் செய்யும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம்: பிரவுசரின் பழைய தடயங்களை மொத்தமாக அழித்தால் இறக்கி வைத்த கையேடும் சேர்ந்து போய்விடும். தம்பி ஒருவன் போன் மெதுவாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் என்னிடம் வந்து நின்றான்.

தொகுப்பாகக் கொடுக்காத தளத்துக்கு ‘டபிள்யூகெட்’ என்ற பழைய கருவி. முகவரியைக் கொடுத்து, இணைப்புகளை நம் கணினிக்கு ஏற்ப மாற்று, படத்தையும் பாணிக் கோப்பையும் சேர்த்து எடு, மேலே போகாதே என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு பக்கமாக இழுத்து வரும். கடைசியில் சொன்னது முக்கியம். மறந்தால் அது அந்தத் தளம் முழுவதையும் மேயப் போய்விடும். இரண்டு கோரிக்கைக்கு நடுவே ஒன்றிரண்டு வினாடி இடைவெளியும் கொடுங்கள். அடுத்தவர் சர்வர், நம் வீட்டுக் கிணறு இல்லை.

இப்படி எடுத்த எல்லாம் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. சில புதுத் தளங்களில் வெறும் கோப்பாகத் திறந்தால் தேடல் பெட்டி வாயே திறக்காது. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிரவுசர் அதைத் தடுக்கிறது. அதே போல்டரில் நின்று பைத்தானில் ஒரே வரி அடித்து ஒரு குட்டி சர்வரை எழுப்பினால் தேடல் ஓடும். சில பக்கங்களில் எழுத்துருவும் கணிதக் குறியீடுகளும் வெளியிலிருந்து வரும், நெட் இல்லாவிட்டால் சமன்பாடு இருந்த இடத்தில் டாலர் குறிகளும் பின்சாய்கோடுகளும் கிடக்கும். ஆகவே சோதனை ஒன்றுதான். ரூட்டர் ஒயரைப் பிடுங்குங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பிறகு திறந்து ஒரு மணி நேரம் உண்மையான வேலை செய்து பாருங்கள்.

எந்தப் பதிப்பு என்பதையும் போல்டர் பெயரிலேயே எழுதிவிடுங்கள். இணையத்தில் கையேடு எப்போதும் கடைசிப் பதிப்பைத்தான் முன்னால் நிறுத்தும். உங்கள் கல்லூரி லேபில் ஓடுவதோ நான்கு வருடத்துக்கு முந்தினதாக இருக்கும். கையேடு சொல்லும் வசதி உங்களிடம் இருக்காது. இந்த விஷயத்தில் வீட்டில் வைத்த நகல் இணையத்தைவிட நம்பிக்கையானது. அது மாறாது.

பென்டிரைவில் ஏறாத நூலகம்

கையேடு விதியைச் சொல்லும். விதி தெரிந்தும் மாட்டிக்கொள்ளும் இடங்களுக்குத்தான் 2008இல் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோ போன்ற கேள்வி பதில் களஞ்சியங்கள். அதையும் நெட் இல்லாமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது: கிவிக்ஸ். 2007இல் விக்கிப்பீடியாவை நெட் இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோகத் தொடங்கிய திட்டம். ஜிம் என்ற வடிவில் ஒரு முழுத்தளத்தையே ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவு. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 70 ஜிபிக்கு மேல்.

இங்கேதான் நம் ஆட்கள் பலர் சிக்குவார்கள். ராத்திரி முழுக்கக் காத்திருந்து இறக்கிய கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றும்போது, கோப்பு மிகப் பெரிது என்று கம்ப்யூட்டர் மறுக்கும். 128 ஜிபி காலியாகத்தானே இருக்கிறது என்று திகைப்பார்கள். பென்டிரைவ் ஃபேட்-32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்-ஃபேட் முறைக்கு மாற்றி ஃபார்மட் செய்தால் ஏறும். செய்வதற்கு முன் அதிலிருக்கும் கல்யாண போட்டோக்களை எடுத்து வைத்துவிடுங்கள்.

கிவிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்ப்பெரி பை பெட்டியிலோ அதை சர்வராக ஓட்டி, ஒரு வைஃபை ரூட்டரை இணைத்துவிட்டால், அறையில் இருக்கும் எல்லோருடைய போனிலும் அந்த நூலகம் திறக்கும். வெளியே நெட் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. மொத்தச் செலவு ஒரு நடுத்தர போனின் விலைக்குள் அடங்கும். குமரி மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பொறியியல் கல்லூரி. எத்தனை லேபில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் எவ்வளவு?

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரு லினக்ஸ் வந்து சேர்ந்தது. கூடவே தமிழில் ஒரு முழுமையான நிரலாக்கக் கையேட்டையும், தமிழ் விக்கிப்பீடியாவையும் ஹார்டிஸ்கிலேயே போட்டுக் கொடுத்திருந்தால்? பெட்டி வந்தது, படிப்பதற்கு மறுபடி நெட் பேக் போட வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தின் நல்லதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த லேப்டாப்பில் படித்துத்தான் இங்கிருந்து பலர் டெக்னோபார்க் ரயிலில் ஏறினார்கள். ஆனாலும் இந்தக் குறை என் மனதில் நிற்கிறது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கி இன்று ‘கைட்’ என்று நடக்கும் அவர்கள் திட்டத்தில், பள்ளிக்கு வேண்டிய மென்பொருள்களை ஒரே லினக்ஸ் தொகுப்பில் அடைத்துக் கொடுக்கிறார்கள். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய கிம்ப் என்று எல்லாம் நெட் இல்லாமலே ஓடும்.

தமிழில் இந்த வேலையைச் செய்தது அரசு இல்லை, தன்னார்வலர்கள். 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’, ‘எளிய தமிழில் க்னூ லினக்ஸ்’ போன்ற புத்தகங்கள் பிடிஎஃப்பாகவும் ஈபப்பாகவும் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். எடுத்துப் பிறருக்குக் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கொடுக்கச் சொல்லித்தான் வெளியிட்டிருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலும் இவை உண்டு. ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவுதான் ஒவ்வொன்றும். மூலக் கையேட்டுக்கு இவை மாற்றில்லை. முதலில் இதைப் படித்துவிட்டு மூலத்துக்குப் போகிறவனுக்கு ஆங்கிலம் அவ்வளவு பயமுறுத்தாது.

கதவுகள் சாத்தப்படும் முன்

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எடுப்பது வரவரக் கடினமாகிறது. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் முழுத்தரவு முன்பு இன்டர்நெட் ஆர்க்கைவில் யாரும் எடுக்கும்படி கிடந்தது. 2024 ஜூலையிலிருந்து உள்நுழைந்து, நிபந்தனைக்குச் சம்மதித்துத்தான் எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. யானைக்குப் போட்ட வேலியில் ஆடும் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். மற்ற தளங்கள் பலவும் பக்கங்களைக் குறைத்து, மூலையில் ஒரு அரட்டைப் பெட்டியை வைத்து, அதைக் கேள் என்கின்றன.

“ஏஐ இருக்கும்போது கையேடு எதுக்கு சாரே?” என்று ஒரு மாணவன் கேட்டான். கேட்கத்தான் வேண்டும். லேப்டாப்பிலேயே ஓடும் சிறிய மாடல்களும் வந்துவிட்டன. நான் ஒன்றை வைத்துப் பார்த்தேன். இல்லாத ஃபங்ஷனுக்கு அழகான பெயர் வைத்து, உதாரணத்தோடு கொடுத்தது. அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது பக்கத்தில் கையேடு திறந்திருந்ததால்.

குழித்துறை நகராட்சிக்கும் ஊர்க் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆடி அமாவாசையை ஒட்டி ஆற்றங்கரையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கிறது. பலாக்கன்றும் மாங்கன்றும் வாங்க மாவட்டம் முழுக்க ஜனம் வருகிறது. அங்கே ஒரு மேசை போடுங்கள். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மாணவர்கள் போதும். பென்டிரைவ் கொண்டுவருகிறவர்களுக்குப் பைத்தான், பிஎச்பி, எம்டிஎன் கையேடுகளையும், கணியம் புத்தகங்களையும், தமிழ் விக்கிப்பீடியாவையும் ஏற்றிக் கொடுங்கள். இவை எல்லாமே நகலெடுத்துக் கொடுக்க உரிமம் அனுமதிப்பவை. ஆடி கழிந்து இரண்டே மாதத்தில் துலாமழை தொடங்கிவிடும்.